மெஷ் வைக்கலாமா, வேண்டாமா

அக்கா, நான் போயிருந்த நேரத்தில் யாராவது வந்து "காளிராஜ் கூட வந்தவங்க" என்று கூப்பிட்டார்களா? இல்லையா? நல்லவேளை. பாத்ரூமுக்குத்தான் போனேன். காலையிலிருந்து அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி அக்கா. உங்கள் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல் என்றீர்கள் அல்லவா? அது பரவாயில்லை. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, எந்த ஆபரேஷனும் ஆபரேஷன்தான். நான் சொல்ல வந்தது, உங்களை நடுவில் கூப்பிட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டுவார்கள். என்னை நடுவில் கூப்பிடுவார்கள். அப்பாவின் வயிற்றுக்குள் குழாயெல்லாம் விட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். வைக்கலாமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி.

வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அசதியாக இருக்கிறது அக்கா. பஸ்ஸில் வந்த அசதி இல்லை இது. மூன்று மாதமாக இந்த ஒரே கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆபீஸில் இதே நினைப்பு, ஹாஸ்டலில் இதே நினைப்பு. வீட்டில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "நீ படிச்சவ." எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். அதனால் கரண்ட் பில்லில் சந்தேகம் என்றாலும் நான்தான், ரேஷன் கார்டில் பெயர் தப்பு என்றாலும் நான்தான், இப்போது அப்பாவின் வயிற்றுக்குள் என்ன வைப்பது என்றாலும் நான்தான். நான் படித்தது மைக்ரோபயாலஜி. அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. "மைக்ரோ என்னமோ, டாக்டருக்கு ஒரு படி கீழ" என்று அம்மா தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள்.

எங்களுக்குச் சாத்தூர். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். அப்பா பரோட்டா மாஸ்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து கல்லுக்கு முன்னால் நிற்கிறார். மாஸ்டர் என்றால் சும்மா இல்லை அக்கா. மத்தியானமே போய் மாவு பிசைய வேண்டும். குனிந்து, முழு உடம்பையும் அதில் போட்டுப் பிசைய வேண்டும். சால்னா அண்டாவைத் தூக்கி இறக்க வேண்டும். அதற்கு மேல் வீச்சும் அடியும். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு மிச்சம் மீதியைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வந்து படுப்பார். படுத்த உடனே எதுக்களிக்கும். புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறும். எழுந்து உட்கார்ந்து இருமுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறார். அப்பாக்கள் எல்லாரும் அப்படித்தான் தூங்குவார்கள் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோடா குடிப்பார். இஞ்சி தின்பார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ரோஸ் கலர் மருந்து கொடுப்பார்கள், அதைப் பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பார். கடைசியில் சால்னாவில் உப்பு பார்க்கவே முடியாமல் போய்விட்டது. எதைத் தொட்டு நாக்கில் வைத்தாலும் புளிக்கிறது என்றார். சப்ளையரைக் கூப்பிட்டு "டே சோணமுத்து, நீ பார்றா" என்பாராம். இதை அம்மாதான் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் "இதுக்கு எதுக்கும்மா அழற?" என்றேன். உப்புதானே அக்கா.

அப்புறம் நான்தான் விடாமல் இழுத்துக்கொண்டு வந்து இங்கே காட்டினேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஹெர்னியா என்றார்கள்.

ஹெர்னியா என்றதும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கம் ஹெர்னியா என்றால் குடல் இறக்கம்தான், ஆண்களுக்குக் கீழே வருமே, அது. கடையில் அப்பாவை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். "மாஸ்டரே, எறக்கமாம்ல? வேட்டிய இறுக்கிக் கட்டும், பரோட்டாவோட சேந்து விழுந்துறப் போவுது" என்று அந்தச் சோணமுத்து சொல்லியிருக்கிறான். அப்பா விடுவாரா? "எறக்கம் ஒங்களுக்குத்தான்டா. எனக்கு ஏத்தம். வயிறே மேல ஏறிருச்சு" என்றாராம்.

உண்மையில் அதுதான் சரி. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தசையில ஒரு தட்டி இருக்கும்மா. அதுல ஒரு ஓட்டை. அது வழியாத்தான் உணவுக்குழாய் கீழ இறங்கும். அப்பாவுக்கு அந்த ஓட்டை பெருசாகி, இரைப்பையில ஒரு பங்கு மேல ஏறி உக்காந்திருக்கு. அதை இழுத்துக் கீழ கொண்டுவந்து, ஓட்டையைச் சின்னதாக்கித் தைப்போம். இரைப்பையோட மேல்பக்கத்தை மப்ளர் மாதிரி குழாயைச் சுத்திவிட்டு ஒரு தையல். அமிலம் மேல ஏறாது."

எனக்கு அது முன்னாலேயே தெரியும். நான் மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் ஃபைலைப் படித்து, என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். இந்த நோய்க்கு கே நாற்பத்து நான்கு புள்ளி ஒன்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அந்த எண்தான். அழுகை அப்புறம்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்த விஷயத்தைச் சொன்னார். "ஓட்டை ரொம்பப் பெருசா இருந்தா, தச்சா மட்டும் சில பேருக்கு மறுபடி பிரிஞ்சிரும். அப்படிப்பட்டவங்களுக்குத் தையலுக்கு மேல ஒரு மெஷ் வைக்கலாம். வைக்கலாமான்னு யோசிச்சு வைங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெஸ் வெக்கலாமா சார்? இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா?"

"வைக்கலாமே. அதுக்கென்ன?" என்றார் டாக்டர்.

அக்கா, அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுக் கடை மெஸ்ஸை நினைத்துக்கொண்டார்! எனக்கு மானம் போயிற்று. பக்கத்தில் ஜூனியர் டாக்டர்கள் வேறு நிற்கிறார்கள். "அப்பா, மெஸ் இல்லப்பா. மெஷ். ஷ்" என்றேன். "அதான் தாயி, மெஸ்" என்றார். அவருக்கு ஷ வராது. கஷாயத்தைக் கசாயம் என்பார், ரமேஷை ரமேசு என்பார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். மெஷ் என்றால் வலை அப்பா, கொசுவலை மாதிரி, சின்னதாக, உள்ளே வைத்துத் தைப்பார்கள். "ஓ, வலையா" என்றார். முகம் பழையபடி ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விருதுநகர் தாண்டுகிற வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆபரேஷன் பயம்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு. வைப்பதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று படித்தேன், படித்தேன், படித்துக்கொண்டே இருந்தேன். வைத்தால் மறுபடி பிரிவது குறைகிறது என்று ஒரு கட்டுரை. கொஞ்ச வருஷம் போனால் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இன்னொரு கட்டுரை. வலை மெல்ல அரித்து உணவுக்குழாய்க்குள் போய்விடலாம், அபூர்வம்தான், ஆனால் போனால் எடுப்பது மிகக் கஷ்டம் என்று வேறொன்று. சாப்பாடு இறங்காமல் தொண்டை அடைக்கலாம் என்று எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை அக்கா. எல்லாக் கட்டுரையும் கடைசியில் "நோயாளியைப் பொறுத்தது" என்றுதான் முடிகிறது. நோயாளியைப் பொறுத்தது என்றால் என்ன அர்த்தம்? என் தலையில்தானே விடிகிறது?

ஆபீஸில் மெஷ் வைத்த பழைய ஃபைல்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. வைத்து, அரித்து, எடுத்து, திரும்ப வந்தவர்கள். ஒன்று சொல்ல வேண்டும், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. நன்றாக இருப்பவன் எதற்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரப் போகிறான்? அவனுடைய ஃபைல் என்னிடம் வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை. எங்கள் டீம் லீடர் ரெஜினா மேடம், "எங்க அத்தைக்கு மெஷ் வெச்சாங்கப்பா, ஜம்முனு இருக்காங்க" என்றார். விசாரித்தால் அவருக்கு வைத்தது தொப்புள் பக்கம். அது வேறு, இது வேறு. வேறொரு டாக்டரிடமும் போய்க் கேட்டேன். "ஆபரேஷன் பண்றவர்கிட்டயே விட்ருங்கம்மா" என்றார். ஆபரேஷன் பண்ணுகிறவரோ என்னிடம் விடுகிறார்.

என்ன கேட்டீர்கள்? அப்பாவிடம் கேட்டேனா என்றா?

கேட்டேனே. கேட்காமல் இருப்பேனா? போனில் அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்.

"தாயி, மெஸ் வெச்சிரலாம்னுதான் தோணுது" என்றார்.

சரி, திருத்தித் திருத்தி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன். "ஏம்ப்பா அப்பிடித் தோணுது?"

"ஒங்கம்மாவும் அதான் சொல்றா. ரெண்டு பேருமாப் பாத்துக்கிட்டா சமாளிச்சிரலாம்ங்கிறா."

"சமாளிக்கிற விஷயம் இல்லப்பா அது. ஒரு தடவ வெச்சுட்டா எடுக்குறது ரொம்பக் கஷ்டம்."

"எதுக்குத் தாயி எடுக்கணும்? வெச்சா கடைசி வரைக்கும் இருக்கட்டுமே."

"சில பேருக்கு அரிச்சிருதுப்பா."

"அரிச்சா மருந்தடிச்சுக்குவோம். இல்லேன்னா இரும்புலயே போட்ருவோம்."

"இரும்புல வைக்க மாட்டாங்கப்பா. பிளாஸ்டிக் மாதிரி ஒன்னுலதான்."

"பிளாஸ்டிக்கா? சூடு தாங்காதே தாயி."

உடம்புச் சூட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள் அக்கா. கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? அதனால் இருக்கிறதிலேயே பெரிய பயத்தை நேராகவே சொல்லிவிட்டேன்.

"அப்பா, வெச்சா சாப்பாடு எறங்காது. தொண்டையிலயே நிக்கும்."

"எறங்காதா?" என்றார்.

"சில பேருக்கு எறங்காதுப்பா."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. கடைசியில், "நாம வெச்சா எறங்காதுங்கிற. சரி தாயி. நீ படிச்சவ. வேணாம்னா விட்ருவோம்" என்றார்.

அவ்வளவுதான். வேண்டாம் என்பதற்கு அவரும் சம்மதித்துவிட்டார். அதற்கு அப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். நாள் நெருங்க நெருங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அம்மாவும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மனுசன் ஆசப்பட்டு ஒன்னு கேட்டாரு" என்றாள். ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிற சாமானா அக்கா அது? மருத்துவத்தில் ஆசைக்கு என்ன இடம்? "ஒனக்குப் புரியாதும்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் கடைசியாகப் பார்க்க வந்தபோது டாக்டர் ஒன்று கேட்டார். "காளிராஜ், ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன வேலை பாப்பீங்க? எடை தூக்குற வேலையா, உக்காந்து பாக்குற வேலையா? அதை வெச்சுத்தான் நான் யோசிக்கணும். எடை தூக்கி, முக்கி வேலை பாக்குற ஆளுன்னா வெறும் தையல் தாங்குமான்னு எனக்கு யோசனை."

அப்பா வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான்தான் சொன்னேன். "வேலைக்கே போக மாட்டார் சார். இனிமே நான் சம்பாதிக்கிறேன். அவர் வீட்ல சும்மா இருக்கட்டும்." பெருமையாகத்தான் சொன்னேன் அக்கா. காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து மனசுக்குள் சொல்லி வைத்திருந்த வாக்கியம் அது. டாக்டர் எழுதிக்கொண்டார். அப்பா அந்த மேசையில் ஒரு பிளாஸ்டிக் வயிறு வைத்திருப்பார்கள், பார்த்தீர்களா, திறந்து மூடுகிற மாதிரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப முடிவு யாரைக் கேக்கட்டும்? உள்ள போய்ப் பாத்தாத்தான் ஓட்டை எவ்வளவுன்னு தெரியும். தெரிஞ்சதும் ஒருத்தர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செய்வேன்" என்றார் டாக்டர்.

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "பாப்பா படிச்சிருக்கு சார்."

அதனால்தான் பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலையில் தள்ளிக்கொண்டு போகும்போது தைரியம் சொல்லலாம் என்று கிட்டப் போனேன். பச்சைத் துணியைப் போர்த்தி, தலைக்கு ஒரு குல்லா போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். "தாயி, தீப்பெட்டி ஆபீஸ் எதுத்தாப்ல அந்த டைலர் கடை காலியாத்தான் கெடக்கு" என்றார். அந்த நேரத்தில் டைலர் கடையா? மயக்கத்துக்கு முன்னால் ஏதோ ஊசி போட்டிருப்பார்கள், அதில் உளறுகிறார் என்று நினைத்தேன். "எல்லாம் நல்லபடியா ஆகும்ப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "சிஸ்டர், வலை வெப்பாகளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

இருங்கள் அக்கா. காளிராஜ் என்றுதானே கூப்பிட்டார்கள்? இந்தப் பையைக் கொஞ்சம்... ஆமாம் சார், நான்தான், காளிராஜ் கூட வந்தது நான்தான்.

வந்துவிட்டேன் அக்கா. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். சுடுதண்ணீரா? பரவாயில்லை, கொடுங்கள்.

நன்றாக இருக்கிறார். இரைப்பையைக் கீழே இறக்கிவிட்டார்களாம். டாக்டர் கதவுக்கு வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றாமலே நின்றார். ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதாம். தசையும் மெலிந்திருக்கிறதாம். "வீட்ல சும்மா இருக்கிற ஆளுன்னா தையல் போதும்னு விட்ருவேன். அப்படித்தான அன்னைக்குச் சொன்னீங்க? அப்படியே முடிச்சிரட்டுமா?" என்றார்.

நான் தயாராகத்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அவரே சிரித்தார். "உங்கப்பா மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி என்னமோ சொன்னாரும்மா, எனக்கு ஒன்னும் புரியல. 'வலை விசயத்த நீங்களே பாத்துக்கங்க சார். எனக்கு மெஸ் வெக்கணும்னுதான் ஆசை. பாப்பாவுக்கு இஸ்டமில்ல, எறங்காதுங்குது'ன்னார். மெஷ்ஷும் வலையும் ஒன்னுதானய்யான்னேன். 'நாலு டேபிள் போட்டாப் போதும் சார்'ங்கிறார். இங்க ஒரு டேபிள்தான்யா இருக்குன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டோம். அதுக்குள்ள தூங்கிட்டார்."

நான் சிரிக்கவில்லை அக்கா.

வலை என்ற வார்த்தையை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில். அன்றைக்கு அப்புறம் அவர் அதை வலை என்றுதான் சொல்லியிருக்கிறார். நர்ஸிடம்கூட வலை என்றுதான் கேட்டார். மெஸ் என்று சொன்னபோதெல்லாம் அவர் மெஸ் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே அப்பா வயிற்றில் குழாயோடு கிடக்கிறார். "என்னம்மா, சொல்லுங்க. வேண்டாம்தான?"

"சார், அவர் மாவு பிசைவார் சார்" என்றேன்.

"என்ன?"

"பரோட்டா மாவு சார். குனிஞ்சு பிசைவார். அண்டா தூக்குவார். சொன்னாலும் கேக்க மாட்டார் சார், தூக்குவார்."

"வேலைக்கே போக மாட்டார்னு சொன்னீங்களே?"

"அது நான் சொன்னது சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அப்ப வெச்சிரட்டுமா? தெரிஞ்சுதான சொல்றீங்க? அரிக்கிறது, அடைக்கிறது எல்லாம் சொல்லியிருக்கேன். ரொம்ப அபூர்வம்தான், ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"தெரியும் சார். வைங்க."

கதவு மூடிக்கொண்டது.

ஆனாலும் அக்கா, நேராகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சாப்பாட்டுக் கடை என்று ஒரு வார்த்தை. ஹோட்டல் என்று ஒரு வார்த்தை. இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன அவ்வளவு கடுமையானவளா? கேட்டால் கேட்க மாட்டேனா? நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கேட்கிற ஆள்தானே? ஏன் அக்கா மறுபடி சிரிக்கிறீர்கள்?

அந்த டைலர் கடை ரொம்பச் சின்னது. நாலு டேபிள் கொள்ளாது. மூன்றுதான் போடலாம். மாவு பிசைய ஓர் ஆளை வைத்துவிட வேண்டும். அப்பா கல்லாவில் உட்காரட்டும். தூக்குவதெல்லாம் வேண்டாம், நான் சொல்லிவிடுகிறேன். பரோட்டாவே வேண்டாம், மத்தியானச் சாப்பாடு மட்டும் போதும். தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் இருக்கிறார்கள். காரம் போடக் கூடாது, அவர் வாயில் வைத்துப் பார்ப்பார். எல்லாம் யோசிக்க வேண்டும். இனி அதையும் நான்தான் யோசிக்க வேண்டும்.

என்னது? அவரிடம் கேட்கட்டுமா என்றா? கேட்கலாம்தான். முழிக்கட்டும்.

தையலோ வலையோ, பிரிகிறதா அரிக்கிறதா என்பது இனி வருஷக்கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு தடவை அவர் விக்கும்போதும் எனக்கு உயிர் போய்த் திரும்பும். எனக்குத் தெரியும் என்னைப் பற்றி. ஆனால் இன்றைக்கு அவர் கண்ணைத் திறந்ததும் முதலில் என்னைத்தான் தேடுவார். கேட்பார். தொண்டையில் குழாய் போட்டு எடுத்திருப்பார்கள், பேச்சு வராது, கையால் கேட்பார்.

நான் குனிந்து காதுகிட்டப் போய், வெச்சாச்சுப்பா என்று சொல்ல வேண்டும். எதை என்றால், மெஸ் என்று சொல்ல வேண்டும். ஷ் போட்டு அழுத்தப் போவதில்லை.